முட்டை காய முன்னம் கழுவுங்கள்: டெம்பரா ஓவியக் கருவிகளைத் தெரிந்தெடுத்தலும் பேணலும்

மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ உள்ள புத்தகக் கடையில் "டெம்பரா" என்று கேட்டால் போஸ்டர் கலர் போத்தலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பள்ளிக்கூடச் சித்திரப் பாடத்துக்கு அது போதும். இங்கே சொல்லப்போவது வேறு: முட்டையின் மஞ்சட்கருவில் நிறத்தூளைக் குழைத்துத் தீட்டும் பழைய முறை. போஸ்டர் கலர் தூரிகையில் காய்ந்து போனால் தண்ணீரில் ஊறப்போட்டு மீட்டுவிடலாம். மஞ்சட்கரு அப்படி மன்னிக்காது. கருவி வாங்குவதிலும் பேணுவதிலும் கீழே வரும் அநேகமான சொற்கள் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து பிறந்தவை.

மஞ்சட்கருவில் பாதியளவு தண்ணீர், கால்வாசிக்கு மேல் கொழுப்பு, ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு புரதம். தண்ணீர் சில நிமிடங்களில் பறந்துவிடும், படலம் தொடுகைக்குக் காய்ந்துவிடும். கொழுப்பு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறுகும். புரதமோ சூடு பட்டால் உடனே கட்டியாகும். 65 பாகை செல்சியசை அண்டும்போதே மஞ்சட்கரு தடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே கழுவுவதற்குப் பச்சைத் தண்ணீர், கொழுப்பை எடுப்பதற்குச் சவர்க்காரம். சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம். கறிச்சட்டி கழுவும் பழக்கத்தில் சுடுதண்ணீரில் தூரிகையை அலசுகிறவர், மயிரின் அடியிலே முட்டையை அவித்து வைக்கிறார்.

தூரிகை

புதிதாகத் தொடங்குபவருக்கு நான்கு தூரிகை போதும். கூர்முனை உருண்டைத் தூரிகை 2ஆம், 4ஆம் இலக்கங்களில் ஒவ்வொன்று, 6ஆம் இலக்கத்தில் ஒன்று, பெரிய பரப்புக்கு முக்கால் அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று. மெல்லிய கோடுதானே இழுக்கப் போகிறோம் என்று 000 இலக்கத்தை வாங்கிவிடுகிறார்கள். அது வீண் காசு. அந்தச் சின்ன மயிர்க்கற்றையில் நிற்கும் வர்ணம் ஒரு கோடு முடிய முன்னமே காய்ந்துவிடும். நல்ல 2ஆம் இலக்கத் தூரிகையின் முனை அதே அளவு மெல்லிய கோட்டைத் தரும். வயிற்றில் வர்ணமும் நிற்கும்.

மயிர் எது? சைபீரியாப் பக்கத்து வீசல் என்ற சிறு விலங்கின் வால்மயிரில் செய்த கொலின்ஸ்கி தூரிகை முதல்தரம்: முனை கூராகச் சேரும், வளைத்தால் நிமிரும். விலையும் அப்படித்தான். முதல் ஆறு மாதத்துக்கு நல்ல செயற்கை இழைத் தூரிகையே போதும் என்பது எங்கள் அபிப்பிராயம். கழுவத் தெரியாத கையில் கொலின்ஸ்கியும் ஒரு மாதத்தில் விளக்குமாறுதான். அணில்மயிர்த் தூரிகையை வாங்காதீர்கள். அது தண்ணீரை நிறையக் குடிக்கும், துள்ளல் இல்லை, டெம்பராவுக்கு வேண்டிய அரைக்காய்ந்த கோடு அதில் வராது. வெள்ளை நிறத்தில் முரடாக விற்கும் "பிரிசில்" தூரிகைகள் பெரும்பாலும் பன்றிமயிர். அதைக் கையில் எடுக்க விரும்பாதவர்கள் வாங்க முன்னம் கேட்டுக்கொள்ளுங்கள். அதே தடிப்பில் செயற்கை இழையிலும் கிடைக்கிறது. அடித்தளம் பூச அது தாராளம்.

கடையில் சோதிப்பது இப்படி. புதுத் தூரிகையின் முனை பசைபோட்டுக் கூராக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. கடைக்காரரிடம் ஒரு கோப்பைத் தண்ணீர் கேட்டு, பசையைக் கரைத்து, மணிக்கட்டை ஒருமுறை வெடுக்கென்று உதறுங்கள். மயிரெல்லாம் தானே ஒரு முனையாகச் சேரவேண்டும். இரண்டு முனையாகப் பிரிந்தால் திருப்பிக் கொடுங்கள். பிறகு விரல்நகத்தில் முனையை வளைத்து விடுங்கள்; உடனே நிமிர வேண்டும். அடுத்தது மயிரைப் பிடிக்கும் உலோகக் குழல். அதில் நீளப்பாட்டுக்கு ஒட்டு இருந்தால் அந்த ஒட்டுக்குள் முட்டை புகுந்து கிடக்கும். ஒட்டில்லாத, பித்தளைக்கு நிக்கல் பூசிய குழல் நல்லது. கல்லடி, களுவாஞ்சிக்குடி, காரைதீவு, திருக்கோவில் என்று கடற்கரையோடு கிடக்கும் ஊர்களில் உப்புக்காற்று மலிவான தகரக் குழலை ஒரு மாரிக்குள் துருப்பிடிக்கச் செய்துவிடும். துரு மயிருக்குள் இறங்கினால் வெள்ளை நிறம் பழுப்படிக்கும். கடைசியாகக் குழலைப் பிடித்துக் கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம்.

இன்னொன்று. நிறத்தூள் குழைக்க, மஞ்சட்கரு கலக்க, தட்டு வழிக்க என்று நல்ல தூரிகையைப் பயன்படுத்தவே கூடாது. அதற்கு ஒரு பழந்தூரிகை வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தூள் என்பது அரைத்த கல்லும் மண்ணும்தான். குழைக்கும்போது முனைமயிர்களை அரம்போலத் தேய்த்துவிடும்.

தட்டு, கண்ணாடி, கத்தி

வர்ணத் தட்டுக்குப் பிளாஸ்டிக் வேண்டாம். வர்ணம் அதில் பரவாமல் துளிதுளியாகத் திரளும், நிறமும் ஊறிவிடும். குசினியில் கைப்பிடி உடைந்த கோப்பையின் ஜோடி பீரிஸ் சும்மா கிடக்கும். வெள்ளைப் பீங்கான் பீரிஸைவிட நல்ல தட்டு கடையிலும் இல்லை. ஐந்தாறு சேர்த்துக்கொள்ளுங்கள். குழி உள்ள பீங்கான் தட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. குழிக்குள் வர்ணம் ஆழமாக நிற்பதால் தாமதித்துக் காயும். ஒருமுறை முட்டை பட்ட பீரிஸில் திரும்பத் தேத்தண்ணி வைக்காதீர்கள். அதன் அடியில் அடையாளம் போட்டு ஓவியச் சாமானோடேயே வைத்துவிடுங்கள்.

நிறத்தூளைத் தண்ணீரில் குழைக்க ஒரு தடித்த கண்ணாடித் துண்டு வேண்டும். கண்ணாடிக் கடையில் 6 முதல் 8 மில்லிமீற்றர் தடிப்பில் ஓர் அடிச் சதுர வெட்டுத்துண்டு கேளுங்கள், விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். வழுவழுப்பான கண்ணாடியில் தூள் வழுக்கி ஓடும், அரைபடாது. வாகனத்துக்குப் பெயின்ற் அடிப்பவர்கள் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு சாண்ட்பேப்பரில் 120ஆம் இலக்கத்தை எடுத்து, தண்ணீர் விட்டு, ஒரு மரக்கட்டையில் சுற்றி, வட்டமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் தேயுங்கள். கண்ணாடி பனிபடிந்ததுபோல் மங்கினால் சரி. கண்ணாடிக் குழவி என்று ஒன்று உண்டு. விலை கூடியது, உடனே தேவையும் இல்லை. இன்று கடையில் வரும் நிறத்தூள்கள் பெரும்பாலும் நன்றாக அரைத்தே வருகின்றன. நுனி வளையும் துருப்பிடிக்காத எஃகுக் கத்தி ஒன்றால் ஐந்து நிமிடம் அழுத்திக் குழைத்தால் போதும். கத்தி வாங்கும்போது காந்தமும் கையுமாகப் போகத் தேவையில்லை. வீச்சரிவாளைப்போல் கறுப்புப் படியும் இரும்பாக இல்லாமல் பார்த்தால் சரி.

தூளைக் கையாளும்போது ஒரு கவனம்: சீலிங் பானை நிறுத்துங்கள். இங்கே வெக்கைக்கு பான் ஓடாத அறையே இல்லை. ஆனால் சுற்றும் பானுக்குக் கீழே நிறத்தூள் டப்பாவைத் திறந்தால் அது மூக்கிலும் குசினியிலும் போய் இறங்கும். முகக்கவசம் போட்டு, தூளை மெதுவாகக் கரண்டியால் எடுத்து, உடனே தண்ணீரில் நனைத்துவிடுங்கள். நனைந்த தூள் பறக்காது. தொடக்கத்தில் மண்நிறங்களோடு நில்லுங்கள்: மஞ்சள் ஓக்கர், சிவப்பு ஒக்சைட், சியன்னா. இவற்றோடு டைட்டேனியம் வெள்ளை, அல்ட்ராமரீன் நீலம், ஒரு கறுப்பு. ஈயவெள்ளை, கட்மியம், வெர்மிலியன் போன்ற நஞ்சுள்ளவற்றைத் தூளாக வீட்டில் வைத்திருக்க வேண்டாம். தூரிகை முனையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அதில் நிறத்தூளும் இருக்கிறது, பச்சை முட்டையும் இருக்கிறது.

குழைத்த களியைப் பற்பசைத் தடிப்பில் சிறு மூடிப்போத்தல்களில் போட்டு, மேலே ஒரு விரற்கடைத் தண்ணீர் விட்டு வைக்கலாம். எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். கடற்கரை மணற்கிணறுகள் பலவற்றில் வெயில்காலம் ஏற ஏற உவர் கூடும். அந்த உப்பு காய்ந்த படத்தில் வெள்ளை மாவாகப் பூக்கும். காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும் என்றால் வாகனக் கடைகளில் பற்றரித் தண்ணீர் கிடைக்கும். பற்றரி அசிட்டும் அதே அலுமாரியில்தான் இருக்கும். போத்தலின் எழுத்தை ஒன்றுக்கு இரண்டு முறை வாசியுங்கள். தூரிகை கழுவக் கிணற்றுத் தண்ணீர் போதும்.

முட்டையும் அதற்கான ஏனங்களும்

ஊர்க்கோழியா பண்ணைக்கோழியா என்ற விவாதம் இந்த வேலைக்குத் தேவையில்லை. கருவின் மஞ்சள் வெளிச்சத்தில் மங்கிப்போகும். படத்தின் நிறத்தைக் கெடுக்காது. புது முட்டையாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். பழைய முட்டையில் கருவைச் சுற்றியுள்ள தோல் தளர்ந்திருக்கும், கையில் எடுத்ததும் உடைந்துவிடும்.

முட்டையை உடைத்து வெள்ளையை வடியவிடுங்கள். கருவை ஒரு உள்ளங்கையிலிருந்து மறு உள்ளங்கைக்கு மாற்றி மாற்றி உருட்டி, ஒவ்வொரு முறையும் வெறுங்கையைத் துணியில் துடையுங்கள். வெள்ளை முழுதும் போனதும் கருவின் மேற்பரப்பு சற்று உலர்ந்து பிசுபிசுக்கும். அப்போது இரண்டு விரலால் தோலைக் கிள்ளித் தூக்கி, சிறு கண்ணாடிப் போத்தலுக்கு மேலே பிடித்து, அடியில் ஊசியால் குத்துங்கள். கரு ஒழுகி விழும், தோல் விரலில் மிஞ்சும். தோலை எறிந்துவிடுங்கள், அது உள்ளே விழுந்தால் தூரிகையில் நூல்போலச் சுற்றும். ஒரு கருவுக்கு இரண்டு அல்லது மூன்று தேக்கரண்டி காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டுக் கலக்கினால் ஊடகம் தயார்.

கெடாமலிருக்க ஒரு துளி வினாகிரி விடுவோர் உண்டு. அல்ட்ராமரீன் நீலம் அமிலத்துக்கு நிறமிழக்கும். ஆகவே அந்த நீலத்தை வைத்திருப்பவர்கள் வினாகிரியை மறந்துவிடலாம். எங்கள் வெக்கைக்கு நம்பகமான வழி, அன்றன்றைக்கு ஒரு முட்டை. வெளியே வைத்த ஊடகம் அரைநாளுக்கு மேல் தாங்காது. குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் நிற்கும். மணம் மாறினால் யோசிக்காமல் கொட்டுங்கள். போத்தலில் "ஓவியத்துக்கு" என்று எழுதி ஒட்டாவிட்டால் வீட்டில் யாராவது கேக்கில் விட்டுவிடுவார்கள்.

கருவும் களியும் சரியான அளவில் சேர்ந்தனவா என்று கருவியே சொல்லும். களியும் ஊடகமும் ஏறத்தாழச் சமஅளவில் கலந்து, ஒரு துண்டுக் கண்ணாடியில் தீட்டிக் காயவிடுங்கள். பிறகு பிளேடால் சுரண்டுங்கள். சுருளாக, தோலுரிவதுபோல் வந்தால் அளவு சரி. தூளாக உதிர்ந்தால் முட்டை போதாது. கண்ணாடிபோல் பளபளத்துப் பிசுபிசுத்தால் முட்டை கூடிவிட்டது. ஒவ்வொரு நிறத்துக்கும் அளவு மாறும். எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்யுங்கள்.

தீட்டும்போதே பேணுவது

டெம்பராவில் தூரிகையைப் பேணும் நேரம் வேலை முடிந்த பிறகு அல்ல, வேலையின் நடுவில். மேசையில் இரண்டு போத்தல் தண்ணீர் வையுங்கள்: ஒன்று அழுக்குக்கு, ஒன்று அலசலுக்கு. பக்கத்தில் ஈரமான ஸ்பொஞ்சும், பழஞ்சாரன் துண்டும். பலமுறை துவைத்து நைந்த மருதமுனைக் கைத்தறிச் சாரனுக்கு இணையான துடைதுணி இல்லை. தும்பு உதிராது, தண்ணீரை உடனே இழுக்கும்.

தூரிகையை வர்ணத்தில் தோய்த்ததும் நேரே பலகைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஸ்பொஞ்சில் ஒற்றி, பாதியை இறக்கிவிட்டு, அதன் பிறகு கோடு இழுங்கள். ஈரம் கூடிய தூரிகை கீழ்ப்படையைக் கரைத்துத் தூக்கிவிடும். பிறகு அந்த இடத்தில் ஒரு குழி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தாலும் இதே கதைதான். சிறு கோடுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கி, அந்தப் படை காய்ந்தபின் குறுக்காக அடுத்த படை. வர்ணம் குழலுக்குள் ஏறக்கூடாது. மயிரின் கீழ்ப்பாதியோடு தோய்ப்பதை நிறுத்துங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நிறம் மாற்றாவிட்டாலும், தூரிகையைப் பச்சைத் தண்ணீரில் அலசவேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. அந்தக் காய்ந்த மேல்காற்று யன்னலால் வந்தால் பீரிஸில் உள்ள வர்ணம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆடை கட்டும். காற்றுவரும் பக்கத்து யன்னலைச் சாத்துங்கள், அப்போது பயன்படுத்தாத பீரிஸ்களுக்கு மேல் ஈரத்துணி போடுங்கள், மணித்தியாலத்துக்கு ஒருதரம் ஒவ்வொரு குழியிலும் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். தொலைபேசி அடித்தால்? முதலில் தூரிகையைத் தண்ணீரில் அலசிப் படுக்கவையுங்கள், பிறகு எடுங்கள். தண்ணீர்ப் போத்தலுக்குள் முனை குத்தி நிற்க விட்டுப் போகிறவர் திரும்பி வரும்போது முனை கொக்கிபோல் வளைந்திருக்கும். குழலுக்குள் தண்ணீர் ஏறி மரம் ஊதி, கைப்பிடியின் பூச்சும் வெடித்திருக்கும்.

வேர்வைக்கும் ஒரு கருவி வேண்டும். கைவேர்வை புதுப்படையில் பட்டால் வட்டமாகத் தழும்பு விழும். இரண்டடி நீளம், இரண்டு அங்குல அகலமான மரச்சட்டம் ஒன்றின் இரு நுனியிலும் அடியில் முக்கால் அங்குலக் கட்டை ஒட்டுங்கள். பலகைக்கு மேலே பாலம்போல் வைத்து, கையை அதன்மேல் ஊன்றித் தீட்டலாம். தச்சுப் பட்டறையில் கழிவுத் துண்டில் பத்து நிமிட வேலை.

அன்றாடக் கழுவல்

1. வேலை முடிந்ததும் தூரிகையை முதலில் சாரன் துண்டில், குழலிலிருந்து முனையை நோக்கி, இரண்டு மூன்று முறை துடையுங்கள். பாதி முட்டை துணியிலேயே போய்விடும்.
2. ஓடும் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். முனை கீழ்நோக்கியே இருக்கட்டும்.
3. மணமில்லாத சாதாரண சவர்க்காரக் கட்டி அல்லது குழந்தைச் சவர்க்காரத்தில் முனையை மெதுவாக உருட்டி, உள்ளங்கையில் வட்டமாக நுரைக்க வையுங்கள். அழுத்திக் குத்த வேண்டாம்.
4. குழலுக்கு அண்டிய மயிரை இரண்டு விரலால் பிசைந்து விடுங்கள். முட்டை ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். வரும் நுரை வெள்ளையாகும்வரை இதைத் திரும்பச் செய்யவேண்டும். பெரும்பாலும் மூன்று முறை.
5. சவர்க்காரம் போகக் கழுவி, ஒருமுறை உதறி, விரலால் முனையைக் கூராக்கி, மேசை விளிம்பில் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கப் படுக்கவையுங்கள். அல்லது முனை கீழே தொங்கக் கட்டிவிடுங்கள். முனை மேலே பார்க்க நிறுத்தினால் ஈரம் குழலுக்குள் இறங்கும்.

பீரிஸ், கத்தி, கண்ணாடி மூன்றையும் அப்போதே பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். அடுத்தநாள் என்று விட்டால் பிளேடும் அரைமணி நேரமும் செலவாகும். எறும்பு வேறு. ஸ்பொஞ்சை நன்றாகப் பிழிந்து வெயிலில் போடுங்கள்; முட்டை ஊறிய ஸ்பொஞ்ச் ஒரே இரவில் நாறும்.

மாரிகாலமும் அலுமாரியும்

கார்த்திகை, மார்கழியில் அடைமழை பிடித்தால் சப்பாத்துக்கே பூஞ்சணம் பிடிக்கிறது. முட்டை தொட்ட மயிருக்குச் சொல்லவா வேண்டும். ஈரம் முழுதும் போகாமல் தூரிகையைப் பிளாஸ்டிக் உறைக்குள்ளோ லாச்சிக்குள்ளோ போடக்கூடாது. மாரியில் குறைந்தது ஒரு முழுநாள் வெளியே உலரட்டும். பன்பாய்த் துண்டு ஒன்றை ஓர் அடி அகலத்தில் வெட்டி, குறுக்கே இலாஸ்டிக் தைத்து, தூரிகைகளைச் சொருகிச் சுருட்டினால் காற்றும் போகும், முனையும் நசியாது. நிறத்தூள் டப்பாக்களுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். மருந்துப் போத்தல்களிலிருந்து சேர்த்ததே போதும். இயற்கை மயிர்த் தூரிகையைப் பூச்சி தின்னும். நெடுநாள் எடுக்காதிருந்தால் நன்கு உலர்ந்தபின் ஒரு தகரப் பெட்டியில் பூச்சி உருண்டை ஒன்றோடு மூடி வையுங்கள்.

கெட்டுப்போன தூரிகை

முட்டை காய்ந்து இறுகிய தூரிகையை முதலில் பச்சைத் தண்ணீரில் மயிர் மட்டும் நனைய ஒரு மணிநேரம் படுக்கவைத்து, சவர்க்காரத்தைத் தடவி இரவு முழுதும் விட்டு, காலையில் பிசைந்து கழுவுங்கள். ஒருநாளுக்குள் கவனித்தால் அநேகமாக மீளும். என்சைம் கலந்த சலவைத்தூள் முட்டைக்கறையை நன்றாக எடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது புரதத்தைக் கரைத்துத்தான் எடுக்கிறது. கொலின்ஸ்கி மயிரும் புரதம். ஆகவே அந்த வைத்தியம் செயற்கை இழைக்கு மட்டும்.

முனை விரிந்த செயற்கைத் தூரிகைக்கு இன்னொரு வழி உண்டு. முட்டை துளியும் இல்லாமல் கழுவியபின், கொதித்து இரண்டு மூன்று நிமிடம் ஆறிய தண்ணீரில் முனையைச் சில நொடி தோய்த்து, எடுத்து, விரலால் கூராக்கிக் குளிரவிடுங்கள். இழை ஓரளவு பழைய உருவுக்கு வரும். சுடுதண்ணீர் தொடலாம் என்ற ஒரே இடம் இதுதான்.

பலகைக்கான சாமான்கள்

டெம்பரா வளையும் துணியில் வெடிக்கும். கட்டியான பலகை வேண்டும். 9 அல்லது 12 மில்லிமீற்றர் நல்ல பிளைவூட் எடுத்து, முன், பின், விளிம்பு எல்லாப் பக்கமும் அடித்தளம் பூசினால் மாரி ஈரத்தில் கோணாது. கடையில் விற்கும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற அடித்தளப் பூச்சு பொருந்தாது. அது தண்ணீரை இழுக்காது, வர்ணம் பிறகு தோலாக உரியும். மிருகப் பசையும் சுண்ணக்கல் தூளும் சேர்ந்த பழைய ஜெஸ்ஸோதான் வேண்டும். விலங்கு எது என்று யோசிப்பவர்கள் ஹலால் மாட்டு ஜெலற்றினில் செய்யலாம்: ஒரு பங்கு ஜெலற்றினுக்குப் பத்துப் பங்கு தண்ணீர், எடைக்கு. முதலில் குளிர்நீரில் ஊறவைத்து, பிறகு தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு ஏனம் வைத்துச் சூடாக்குங்கள். கொதிக்க விட்டால் பசை பலம் இழக்கும். விரல் பொறுக்கும் சூடு போதும். தூளை வாங்கும்போது "பிரெஞ்ச் சோக்" என்று தந்தால் வாங்காதீர்கள், அது டல்க். வேண்டியது கல்சியம் காபனேற்று.

ஜெஸ்ஸோவுக்கு இரண்டு அங்குல மென்மையான தட்டைத் தூரிகை ஒன்று தனியே இருக்கட்டும். ஆறு முதல் எட்டுப் படை, ஒன்றுக்கு ஒன்று குறுக்காக. இந்தத் தூரிகையை மட்டும் இளஞ்சூட்டு நீரில் கழுவலாம். இதில் முட்டை இல்லை, பசைதான், அது சூட்டில் கரையும். நன்கு காய்ந்தபின் 220, பிறகு 400 இலக்க சாண்ட்பேப்பரால் யானைத்தந்தம்போல் வழுவழுக்கும்வரை தேயுங்கள். இந்த வேலையில் அவசரப்பட்டால் விலை கொடுப்பது தூரிகைதான். சொரசொரத்த ஜெஸ்ஸோ கூர்முனையை இரண்டு வாரத்தில் மழுக்கிவிடும்.

எவ்வளவு பேணினாலும் முனை ஒருநாள் தேயும். அப்போது 2ஆம் இலக்கத்தை நுண்கோட்டு வேலையிலிருந்து இறக்கிப் பரவல் கோடுகளுக்கும், அதுவும் முடிந்தால் களி குழைக்கவும் மாற்றுங்கள். ஒவ்வொரு கைப்பிடியிலும் அதன் இப்போதைய வேலையைப் பென்சிலால் குறித்து வைத்தால், அவசரத்தில் கை தவறான தூரிகைக்குப் போகாது.